எலி தூங்கும் நேரம்

எலியின் மூளைக்குள் இறக்கும் கம்பியை நாங்களே திரித்துக்கொள்வோம். 12.5 மைக்ரான் தடிமனுள்ள நிக்ரோம் கம்பி. தலைமுடியைவிட நாலைந்து மடங்கு மெல்லியது. வெளிச்சம் சரியாகப் படும்போது ஒரு கோடு தெரியும், தலையைக் கொஞ்சம் திருப்பினால் காணாமல் போய்விடும். ஒரே இழையை மடித்து, மறுபடியும் மடித்து, நான்கு இழையாகத் தொங்கவிட்டு, அடியில் கிளிப் மாட்டிச் சுழலவிட வேண்டும். முறுக்கு போதாவிட்டால் பிரிந்துவிடும், கூடினால் அறுந்துவிடும். முறுக்கு ஏறியதும் ஹீட் கன்னால் மேலிருந்து கீழாக மெல்லச் சூடு காட்டினால், இழைகளின் மேலுறை இளகி நான்கும் ஒட்டிக்கொள்ளும். இதுதான் டெட்ரோடு. பெங்களூரில் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்த புதிதில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, மூச்சைக்கூட முகத்தைத் திருப்பி விட்டுக்கொண்டு, மாதக்கணக்கில் இதைத்தான் பழகினேன்.

நான்கு இழை எதற்கு? ஒரு நியூரான் துடிக்கும்போது எழும் மின்னழுத்த மாற்றம் நான்கு முனைகளுக்கும் ஒரே அளவில் எட்டாது. பக்கத்து முனையில் பெரிதாகப் பதியும், தள்ளியிருக்கும் முனையில் சிறிதாகப் பதியும். நான்கு அளவுகளையும் ஒப்பிட்டால் எந்தத் துடிப்பு எந்த நியூரானுடையது என்று பிரித்துவிடலாம். ஒற்றைக் கம்பியில் கும்பலின் இரைச்சல்தான் கேட்கும். 1983இல் மெக்நாட்டன், ஓ'கீஃப், பார்ன்ஸ் மூவரும் இரண்டு இழையில் இதைச் செய்து காட்டினார்கள். அடுத்த பத்தாண்டுக்குள் அது நான்கானது. முனைகளைத் தங்கக் கரைசலில் தோய்த்து மின்பூச்சு ஏற்றினால் மின்மறிப்பு 250 கிலோஓம் அளவுக்கு இறங்கி, பதிவு தெளிவாகும்.

திரித்த டெட்ரோடுகளை ஒரு சின்னக் கோபுரத்தில் ஏற்றுவோம். டிரைவ் என்போம். ஒவ்வொரு டெட்ரோடுக்கும் தனித் திருகாணி. எலிக்கு மயக்கம் கொடுத்து, மண்டையோட்டில் துளையிட்டு, டெண்டல் சிமென்ட் வைத்து டிரைவைப் பொருத்துவோம். என் டிரைவ்களில் எப்போதும் இரண்டு கொத்து உண்டு. பின்கொத்து மூளையின் உட்புறமுள்ள ஹிப்போகேம்பஸுக்கு, முன்கொத்து மூளையின் மேலடுக்கான கார்டெக்ஸின் நெற்றிப்பகுதிக்கு. பலர் ஹிப்போகேம்பஸோடு நிறுத்திக்கொள்வார்கள். அங்கே கிடைக்கும் துடிப்புகள் அழகானவை, கட்டுரையும் சீக்கிரம் எழுதலாம். இரண்டு கொத்து என்றால் எடை கூடும், அறுவை நீளும், ஒன்று சரியாக அமையாவிட்டாலும் அந்த எலியிலிருந்து பாதிக் கதைதான் கிடைக்கும். அப்படியும் நான் இரண்டை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் ஹென்றி மொலைசன் என்ற மனிதர்.

அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் 1953இல், ஓயாத வலிப்பிலிருந்து விடுதலை வேண்டி, 27 வயதில் அறுவைக்கு உட்பட்டவர் அவர். வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் மூளையின் இரு பக்கத்திலும், ஹிப்போகேம்பஸ் இருக்கும் பொட்டு மடலின் உட்பகுதியை அகற்றினார். வலிப்பு குறைந்தது. அதற்குப் பிறகு நடந்த ஏறக்குறைய எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. பிரெண்டா மில்னரும் ஸ்கோவிலும் 1957இல் எழுதிய கட்டுரை எங்கள் துறையின் தொடக்கப்புள்ளி. மொலைசனுக்குப் பேச்சு, புத்திக்கூர்மை எல்லாம் அப்படியே இருந்தன. கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் கை தேறியது. அந்தப் பயிற்சியைச் செய்ததே அவருக்கு ஞாபகம் இல்லை. ஆனால் சிறுவயது நினைவுகள் இருந்தன. எல்லா நினைவும் ஹிப்போகேம்பஸிலேயே குடியிருந்தால் அவையும் அல்லவா போயிருக்க வேண்டும்?

பாடப்புத்தகங்கள் இந்தக் கதையை ஹிப்போகேம்பஸ் போனது, புது நினைவு போனது என்று சுருக்கிவிடும். 2008இல் அவர் இறந்த பின், சான் டியாகோவில் யாக்கோபோ அனேசே குழுவினர் அவர் மூளையை 2,401 சீவல்களாக அரிந்து ஆராய்ந்தார்கள். 2014இல் முடிவு வெளியானது. ஹிப்போகேம்பஸின் பின்பகுதி கணிசமாக மிஞ்சியிருந்தது. 1990களின் எம்.ஆர்.ஐ. படங்களே இதைக் காட்டத் தொடங்கியிருந்தன. ஏறக்குறைய முழுவதுமாகப் போயிருந்தது அதன் அண்டைப் பகுதியான என்டோரைனல் கார்டெக்ஸ். ஹிப்போகேம்பஸுக்குள் போவதும் வருவதும் பெருமளவு அந்த வழியாகத்தான். அதாவது மிஞ்சிய ஹிப்போகேம்பஸ், பேச ஆளில்லாமல், கார்டெக்ஸிலிருந்து பெரும்பாலும் துண்டிக்கப்பட்டு 55 ஆண்டுகள் இருந்திருக்கிறது. இந்த ஒரு தகவல் எனக்குப் போதும். நினைவு உருவாவதைப் பார்க்க வேண்டுமானால், இரு இடங்களுக்கு நடுவே என்ன போய் வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஒரு கொத்துக் கம்பியால் அது முடியாது.

அந்த வழியைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கண், காது, மூக்கு, தசை எல்லாவற்றின் செய்தியும் கார்டெக்ஸின் பல பகுதிகளில் பக்குவமாகி என்டோரைனல் கார்டெக்ஸில் வந்து சேரும். அதன் இரண்டாம் அடுக்கு நியூரான்கள் டென்டேட் கைரஸ் என்ற பகுதிக்கு நார் நீட்டுகின்றன. அங்கிருந்து சி.ஏ.3, அங்கிருந்து சி.ஏ.1, பிறகு சபிகுலம், கடைசியில் திரும்ப என்டோரைனலின் ஆழ் அடுக்குகள். சுற்று முடிந்து கார்டெக்ஸுக்கே போய்விடும். மூன்றாம் அடுக்கிலிருந்து சி.ஏ.1க்கு நேரடியாக வரும் குறுக்குவழியும் உண்டு. இந்த நார்களின் போக்கை நுண்ணோக்கியில் பார்த்து வரைந்தவர் ரமோன் இ கஹால். அவருடைய மாணவர் லொரெந்தே தெ நோ 1934இல் சி.ஏ. என்ற எழுத்துகளை இட்டார். சி.ஏ.3 நியூரான்கள் ஒன்றோடொன்று ஏராளமாகப் பின்னிக் கிடப்பவை. ஒரு நிகழ்ச்சியின் ஒரு துணுக்கு கிடைத்தால் மீதியை இழுத்துவர இந்தப் பின்னல் உதவும் என்று டேவிட் மார் 1971இலேயே கணக்குப் போட்டுச் சொன்னார். முன்நெற்றிக் கார்டெக்ஸுக்கு சி.ஏ.1இலிருந்து நேர்வழி ஒன்று உண்டு. எதிர்த்திசையில் செய்தி வருவது பெரும்பாலும் தாலமஸின் நடுவில் உள்ள ரீயூனியன்ஸ் என்ற சிறு முடிச்சு வழியாக.

படத்தில் பார்க்க இது அம்புக்குறிகள்தான். திருகாணியைத் திருப்பும்போதுதான் இடம் புரியும். அறுவைக்குப் பிறகு எலி தேறியதும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக டெட்ரோடை இறக்குவோம். சில நாள் கால் சுற்று, சில நாள் அரைக்கால் சுற்று. கண் உதவாது, காதுதான். ஆம்ப்ளிஃபயரை ஸ்பீக்கரில் இணைத்து விளக்கைக் குறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். முதலில் கார்டெக்ஸ்: ஒழுங்கில்லாமல் சொட்டுச் சொட்டாகத் துடிப்புகள். பிறகு வெண்பொருள். ஏறத்தாழ நிசப்தம். புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் கம்பி அறுந்துவிட்டதோ என்று பயப்படுவார்கள். இன்னும் இறக்க இறக்கத் திரையில் ரிப்பிள் என்னும் நுண்ணலை தலைகாட்டும், நாளுக்கு நாள் பெரிதாகும். மேற்பரப்பிலிருந்து சுமார் 2 மில்லிமீட்டர் ஆழத்தில் சி.ஏ.1 நியூரான்களின் அடுக்கு. அதைத் தொட்டதும் ஸ்பீக்கரில் காய்ந்த எண்ணெயில் கடுகு பொரிவதுபோல் சத்தம் படபடவென்று வெடிக்கும். அங்கே நிறுத்த வேண்டும். தாண்டினால், ரிப்பிளோடு சேர்ந்து வரும் கூரலை தலைகீழாகப் புரளும். மேலே எழும்பிக்கொண்டிருந்தது கீழே தொங்கும். அந்த டெட்ரோடு அடுக்கைக் கடந்துவிட்டது என்று பொருள்.

இந்த நாட்களில் எலியும் எங்களோடு பழகிவிடும். மடியில் வைத்துத் தடவிக்கொடுத்து, பெயர் வைத்து, எடை பார்த்து, கேபிளை மாட்டும்போது தலையை அசைக்காமல் இருக்கப் பழக்குவோம். பயந்த எலி சரியாக ஓடாது, முக்கியமாக, தூங்காது. அது நிம்மதியாகத் தூங்காவிட்டால் எங்கள் வேலை நடக்காது.

சோதனை எளிமையானது. நீளமான பலகைப் பாதையின் இரு முனையிலும் ஒரு சொட்டு இனிப்பு நீர். எலி அங்குமிங்கும் ஓடும். சி.ஏ.1 நியூரான்களில் சில, பாதையின் குறிப்பிட்ட ஓரிடத்துக்கு வரும்போது மட்டும் துடிக்கும். 1971இல் ஓ'கீஃபும் தஸ்திரோவ்ஸ்கியும் கண்டது இது. ஒரு நியூரான் தொடக்கத்தில், இன்னொன்று நடுவில், வேறொன்று கடைசியில். எலி ஒருமுறை ஓடி முடித்தால் நியூரான்கள் வரிசையாக ஒரு சுற்றுத் துடித்து முடிக்கும். ஓட்டம் முடிந்ததும் எலியைப் பக்கத்தில் ஒரு மண்தொட்டியில் விடுவோம். பூச்செடி வைக்கும் சாதாரணத் தொட்டிதான், உள்ளே மெத்தென்று டவல். எலி இரண்டு முறை சுற்றிவந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுருண்டு படுக்கும்.

மதுரையிலிருந்து வந்து சேர்ந்திருந்த மாணவி ஒருத்தி முதல் நாள் அந்த நேரத்தில் எழுந்தாள்.

"அக்கா, அதான் தூங்கிருச்சே. கேபிளைக் கழட்டிரவா?"

"கழட்டாதேம்மா. இனிமேதான் பார்க்கணும். உக்காரு."

எலி விழித்து நடமாடும்போது ஹிப்போகேம்பஸில் நொடிக்கு 6 முதல் 10 வரை எழுந்து தாழும் தீட்டா அலை சீராக ஓடும். ஆழ்ந்த தூக்கம் வந்ததும் அது கலைந்துவிடும். அதன் இடத்தில் விட்டு விட்டு ரிப்பிள்கள். ஒவ்வொன்றும் பெரும்பாலும் நொடியில் பத்தில் ஒரு பங்குகூட நீடிக்காது. அதற்குள் நொடிக்கு 150 முதல் 250 என்ற வேகத்தில் நடுங்கி ஓய்ந்துவிடும். ஸ்பீக்கரில் 'சர்க்' என்று ஒரு கீறல். அப்போது ஆயிரக்கணக்கான நியூரான்கள் ஒருசேரத் துடிக்கின்றன. ஹங்கேரியில் பிறந்த யோர்கி புஜாக்கி 1989இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: விழித்திருக்கும்போது ஹிப்போகேம்பஸ் வாங்கி வைக்கிறது, ஓய்விலும் தூக்கத்திலும் ரிப்பிள்கள் வழியாக அதைக் கார்டெக்ஸுக்குச் சொல்கிறது.

1994இல் மேத்யூ வில்சனும் மெக்நாட்டனும் எலிகளில் ஒன்றைக் கண்டார்கள். ஓடும்போது சேர்ந்து துடித்த நியூரான்கள், பிறகு வந்த தூக்கத்திலும் சேர்ந்தே துடித்தன. ஓட்டத்துக்கு முந்தைய தூக்கத்தில் அந்தச் சேர்க்கை அந்த அளவுக்கு இல்லை. சில ஆண்டுகளில் வரிசையும் தெரிந்தது. எலி ஓரிரு நொடி எடுத்து ஓடிய பாதை, தூக்கத்தில் ஒரே ரிப்பிளுக்குள், சுமார் 20 மடங்கு வேகத்தில், அதே வரிசையில் திரும்ப ஓடுகிறது. எங்கள் திரையில் இதை அப்போதே பார்க்க முடியாது. நொடிக்கு 30,000 முறை எடுத்த அளவுகளிலிருந்து துடிப்புகளைப் பிரித்து, நியூரான் நியூரானாக அடுக்கி, பாதையில் அதனதன் இடப்படி வரிசைப்படுத்தினால்தான் தெரியும். பல வார வேலை. அதன் முடிவில், திரையில் புள்ளிகள் இடமிருந்து வலமாகச் சாய்கோடாக விழுவதை அந்த மாணவி முதன்முறையாகப் பார்த்தபோது எதுவும் பேசவில்லை. மறுநாளிலிருந்து தூக்கப் பதிவுக்குத் தொட்டிப் பக்கம் யாரையும் சத்தமாக நடக்க விடமாட்டாள்.

ஹிப்போகேம்பஸ் சொல்வது இருக்கட்டும், கார்டெக்ஸ் கேட்கிறதா? என் முன்கொத்தின் வேலை இங்கேதான். ஆழ்ந்த தூக்கத்தில் கார்டெக்ஸ் நியூரான்கள் மொத்தமாகப் பேசும், மொத்தமாக அடங்கும். நொடிக்கு ஒருமுறை போல இது நடக்கும். அடங்கல் முடிந்து எழும்போது பல சமயம் ஸ்பிண்டில் என்ற அலைக்கோவை வரும். நொடிக்கு 10 முதல் 16 அலை, மெல்லப் பருத்து மெல்ல இளைக்கும், ஒரு நொடிக்குள்ளாகவோ சற்றுக் கூடுதலாகவோ முடிந்துவிடும். ரிப்பிளும் ஸ்பிண்டிலும் நேரத்தால் பிணைந்தே வருகின்றன என்று 1998இல் சியாப்பாஸும் வில்சனும் காட்டினார்கள். 2007இல் ஜீயும் வில்சனும் பார்வைக் கார்டெக்ஸிலும் ஹிப்போகேம்பஸிலும் ஒரே ஓட்டத்தின் மறுவோட்டம் கைகோத்து நடப்பதைக் காட்டினார்கள்.

என் பதிவுகளில் ஒரு துண்டை இப்போதும் அடிக்கடி திறந்து பார்ப்பேன். மேலே சி.ஏ.1, கீழே முன்நெற்றி. மேல்கோட்டில் ஒரு ரிப்பிள் கீறுகிறது. கீழ்க்கோட்டில் அதுவரை சிதறலாகத் துடித்துக்கொண்டிருந்த நியூரான்கள் அத்தனையும் சட்டென்று அடங்குகின்றன. ஒரு வெற்றிடம். பிறகு எல்லாம் ஒன்றாக எழ, அதன் தோளில் ஒரு ஸ்பிண்டில். இத்தனையும் ஓரிரு நொடிக்குள். தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் பாடப்புத்தக அலைகள். இரண்டு கொத்தையும் ஒரே நேரக்கோட்டில் வைத்ததால் ஒன்று சொல்ல இன்னொன்று பதில் சொல்வது தெரிகிறது.

சேர்ந்து வருவதாலேயே காரணம் என்றாகிவிடாது என்று விஞ்ஞானம் படித்த யாரும் கேட்பார்கள். கேட்க வேண்டும். 2009இல் பாரிஸில் ஜிரார்டோ, சுகாரோ குழு, புஜாக்கியோடு சேர்ந்து, எலிகளுக்கு 8 கைகள் உள்ள பாதையில் 3 கைகளில் மட்டும் உணவு வைத்துப் பழக்கியது. பழக்கிய பின் தூக்கத்தில் ஒவ்வொரு ரிப்பிளும் தொடங்கியதுமே ஒரு சிறு மின்துடிப்பால் அதைக் கலைத்தார்கள். அந்த எலிகள் கற்பதில் பின்தங்கின. அதே எண்ணிக்கையில் மின்துடிப்பை ரிப்பிளுக்கு வெளியே பெற்ற எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் இன்னும் பெரிதாக மதிப்பது அதே சுகாரோ குழு 2016இல் வெளியிட்ட மறுபக்கச் சோதனையை. கலைப்பதற்குப் பதிலாக, ரிப்பிள் வந்தவுடன் கார்டெக்ஸைத் தூண்டி, அடங்கலையும் ஸ்பிண்டிலையும் வரவழைத்தார்கள். மறுநாள் நினைவில் நிற்காத அளவுக்குக் கொஞ்ச நேரமே ஒரு பொருளின் இடத்தைப் பார்த்திருந்த எலிகள், மறுநாள் அதை நினைவு வைத்திருந்தன. தூண்டுதலைக் கால் நொடிக்கும் குறைவாகத் தள்ளிப்போட்டால் பலன் இல்லை. அதே மூளை, அதே மின்சாரம், அதே எண்ணிக்கை. நேரம் மட்டும் தவறினால் நினைவு நிற்கவில்லை. நான் படித்த சோதனைகளில் இதைவிட நேர்த்தியானது குறைவு.

இதையெல்லாம் மேடைகளில் விளக்கும்போது பலர் ஒரு சித்திரத்தோடு வெளியேறுகிறார்கள்: நினைவு முதலில் ஹிப்போகேம்பஸில் இருக்கிறது, பிறகு தூக்கத்தில் அங்கிருந்து எடுத்துக் கார்டெக்ஸில் வைக்கப்படுகிறது. இந்தச் சித்திரம் தவறு என்பது என் உறுதியான கருத்து. 2017இல் எம்.ஐ.டி.யில் தொனெகாவா குழுவில் கிதாமுராவும் மற்றவர்களும் சுண்டெலிகளில் செய்த ஆய்வு இதற்கு நல்ல சான்று. பயம் ஒன்றைக் கற்ற முதல் நாளிலேயே முன்நெற்றிக் கார்டெக்ஸில் அந்த நினைவுக்கான நியூரான்கள் குறிக்கப்பட்டுவிடுகின்றன. ஒளியால் அவற்றைத் தட்டியெழுப்பினால் சுண்டெலி உறைந்து நிற்கும். ஆனால் அந்த இடத்துக்குத் திரும்பக் கொண்டுபோனால் முதல் நாட்களில் அவை தானாக விழிப்பதில்லை. ஹிப்போகேம்பஸிலிருந்தும் என்டோரைனலிலிருந்தும் தொடர்ந்து செய்தி வந்து, இரண்டு வாரம் போல ஆன பிறகுதான் முதிர்ந்து தாமாக எழுகின்றன. விதை முதல் நாளிலேயே கார்டெக்ஸில் விழுந்துவிடுகிறது. ஹிப்போகேம்பஸும் முழுதாகக் கைகழுவிவிடுவதில்லை. நுணுக்கமான, காட்சியாகத் திரும்ப எழும் நினைவுகளுக்கு அது ஆண்டுகள் கழிந்தும் தேவை என்று நாடெலும் மோஸ்கோவிச்சும் 1997இலிருந்து வாதிட்டுவருகிறார்கள். நான் அவர்கள் பக்கம்.

என்ன வேலை என்று ஊரில் கேட்பவர்களிடம் எலியையும் கம்பியையும் சொன்னால் முகம் சுளிப்பார்கள். பிறகு அவர்களே ஒரு பாட்டியையோ தாத்தாவையோ பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். கல்யாணப் பந்தியில் என்னென்ன பரிமாறினார்கள் என்று வரிசையாகச் சொல்கிறார், காலையில் சாப்பிட்டாரா என்று கேட்டால் தெரியவில்லை. "நடிக்கிறாங்களோன்னு தோணுதும்மா" என்று ஓர் அம்மாள் என்னிடம் சொல்லியிருக்கிறார். நடிப்பில்லை என்று அவருக்கு நிதானமாக விளக்கினேன். அல்சைமர் நோயில் முதலில் அடிபடும் பகுதிகளில் ஒன்று அதே என்டோரைனல். 1996இல் கோமஸ் இஸ்லா குழு கணக்கெடுத்தபோது, நோய் மிக லேசாக இருந்தவர்களிடமே அதன் இரண்டாம் அடுக்கில் ஏறக்குறைய 60 சதவீத நியூரான்கள் குறைந்திருந்தன. டென்டேட் கைரஸுக்கு நார் நீட்டுவது அந்த அடுக்குதான். பழைய நினைவுகள் கார்டெக்ஸில் முதிர்ந்து நிற்கின்றன. இன்று காலையின் இட்லி உள்ளே போகவே வழியில்லை. இந்தப் பாதையைப் பற்றி எதைக் கண்டுபிடித்தாலும் அது அந்த அம்மாள் வீட்டுக்கு என்றைக்காவது போய்ச் சேர வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறேன்.

ஒவ்வொரு எலியின் பதிவும் முடிந்த பிறகு மூளையைச் சீவி, கிரெசில் வயலட் சாயமேற்றி, ஒவ்வொரு டெட்ரோடும் எங்கே நின்றது என்று பார்ப்போம். ஊதா நிறத்தில் சி.ஏ.1 அடுக்கு மெல்லிய வளைவாகத் தெரியும். அதில் ஒரு சிறு பொத்தல் இருந்தால் அந்த டெட்ரோடின் தரவு கணக்கில் சேரும். வெண்பொருளில் நின்றிருந்தால் எத்தனை அழகான பதிவாக இருந்தாலும் ஒதுக்கிவிடுவோம். இதில் தாட்சண்யம் பார்க்கக் கூடாது.

இப்போது நியூரோபிக்சல்ஸ் வந்துவிட்டது. 2017இல் அறிமுகமான சிலிக்கன் ஊசி. ஒரே தண்டில் 960 பதிவிடங்கள், ஒரே நேரத்தில் 384இலிருந்து கேட்கலாம். கார்டெக்ஸிலிருந்து ஹிப்போகேம்பஸைக் கடந்து தாலமஸ் வரை ஒரே ஊசி போகும். வரவேற்கிறேன். இருந்தாலும் என் மாணவர்கள் முதல் ஆண்டு டெட்ரோடு திரித்து, திருகாணி திருப்பி, ஸ்பீக்கரில் கேட்டுத்தான் பழக வேண்டும் என்பதில் விட்டுக்கொடுப்பதில்லை. அடுக்கைக் காதால் அறிந்தவர்களுக்குத் திரையில் வரும் கோளாறும் மூளையின் செய்தியும் வேறுவேறு என்று சட்டென்று தெரியும்.

அடுத்த கேள்வி, எதைத் தேர்ந்தெடுப்பது என்பது. நாளெல்லாம் நடப்பது அத்தனையும் தூக்கத்தில் திரும்ப ஓடுவதில்லை. 2024இல் புஜாக்கி குழுவிலிருந்து வந்த ஆய்வு ஒரு தடயம் தருகிறது. சுண்டெலி ஓட்டத்துக்கான பரிசைப் பெற நின்று இளைப்பாறும் அந்தக் கொஞ்ச நேரத்திலும் ரிப்பிள்கள் வருகின்றன. எந்த ஓட்டத்துக்குப் பிறகு அப்படி ரிப்பிள் வந்ததோ, அந்த ஓட்டமே பிறகு வரும் தூக்கத்தில் அதிகம் திரும்ப ஓடுகிறது. முன்பெல்லாம் இனிப்பு நீர் குடிக்க எலி நிற்கும் நேரத்தை ஆய்விலிருந்து வெட்டிவிடுவது வழக்கம். ஓட்டம் மட்டும்தான் வேண்டும் என்று. இப்போது பழைய பதிவுகளைத் திறந்து, வெட்டிய அந்தத் துண்டுகளை முன்நெற்றிக் கொத்தோடு சேர்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். விழித்திருக்கும்போது வரும் அந்த ரிப்பிளுக்குக் கார்டெக்ஸ் என்ன பதில் சொல்கிறது, அந்தப் பதிலைப் பார்த்தே தூக்கத்தில் எது திரும்ப ஓடும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்பதுதான் கேள்வி. மதுரை மாணவி இதில்தான் முனைவர் பட்டம் செய்கிறாள். அவளுடைய முதல் எலிக்கு இரண்டு கொத்தும் சரியாக அமைந்திருக்கின்றன. வரும் வாரம் ஓட விடுகிறோம்.